முறுக்குத் தராசில் மின்சாரம் புகுந்தால்: ஈர்ப்பு விசை அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசைமேல் வைக்கும் சின்ன முறுக்குத் தராசை வைத்து ஈர்ப்பு மாறிலியை அளக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரு முனையிலும் சின்ன உருண்டை ஒட்டிய தண்டை மெல்லிய இழையில் தொங்கவிட்டால் அதுதான் முறுக்குத் தராசு; தொங்கும் பகுதியை ஊசல் என்போம். வெளியே வைக்கும் பெரிய உருண்டைகளின் ஈர்ப்பு ஊசலைச் சற்றே திருப்பும். ஊசலில் ஒட்டிய சின்னக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் லேசர் புள்ளியின் நகர்வைப் படித்து ஈர்ப்பைக் கணக்கிடுவோம். வர வேண்டிய எண் 6.6743 × 10⁻¹¹. எனக்கு வந்ததோ 7.2 × 10⁻¹¹. மறுநாளும் 7.2. அதற்கு அடுத்த நாளும் கிட்டத்தட்ட அதே. திரும்பத் திரும்ப ஒரே எண் வருகிறதே, கருவி சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பி மூன்று வாரம் ஓட்டினேன். தூரத்தை மறுபடி அளந்தேன், எடையை மறுபடி போட்டேன், கணக்கை நாலு முறை சரிபார்த்தேன். கடைசியில் பார்த்தால், தினமும் காலையில் தராசின் கண்ணாடி ஜன்னலை நான் துடைத்த உலர்ந்த துணிதான் காரணம்.

நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். வரிசையாகச் சொல்கிறேன், அந்த வரிசையிலேயே செய்யுங்கள். பெரிய ஆய்வகங்களில் இருப்பவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது. முதல்முறை தராசைத் தொடுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மின்சாரத் தொல்லை இரண்டு வழியாக வரும். ஒன்று, நிலைமின் விசை ஊசலை நிஜமாகவே பிடித்துத் தள்ளுவது. இன்னொன்று, ஊசல் சும்மா இருக்க, அதைப் படிக்கும் மின்னணுக் கருவி பொய் சொல்வது. முதலாவதற்குச் செய்யும் மருந்து இரண்டாவதைக் குணப்படுத்தாது. ‘எர்த் கொடுத்துவிட்டேன், முடிந்தது’ என்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

1. கருவியைத் தொடும் முன் எண்களை எழுதுங்கள்

பேப்பரை எடுத்துக்கொண்டு, உங்கள் தராசில் ஈர்ப்பு விசை எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ஒன்றரை கிலோ ஈய உருண்டை, 38 கிராம் சின்ன உருண்டை, மையத்துக்கு மையம் 4.65 செ.மீ. என்றால் விசை சுமார் 1.8 நானோநியூட்டன் (நானோ என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு). இதுதான் நாம் பிடிக்க வேண்டிய மீன்.

இப்போது எதிரியின் பலம். ஒரு சதுர செ.மீ. பரப்புள்ள இரண்டு உலோகத் தகடுகள் ஒரு மி.மீ. இடைவெளியில் எதிரெதிரே இருந்து, இடையில் 2 வோல்ட் வேறுபாடு இருந்தால், அவை ஒன்றையொன்று இழுக்கும் விசையும் அதே 1.8 நானோநியூட்டன்தான். ஒன்றரை வோல்ட் பேட்டரி செல்லில் ஒன்றரை செல் மதிப்பு கூட இல்லை.

மின்னூட்டமாகப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கும். 5 செ.மீ. தள்ளி இருக்கும் இரண்டு உருண்டைகளில் தலைக்கு 22 பிகோகூலம் (கூலம் மின்னூட்டத்தின் அலகு, பிகோ என்றால் நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருந்தால் போதும், ஈர்ப்புக்குச் சமமான விசை வந்துவிடும். ஒரு நானோகூலம் வீதம் இருந்தால் ஈர்ப்பைப்போல் இரண்டாயிரம் மடங்கு. பிளாஸ்டிக்கைக் கையால் ஒரு தடவு தடவினால் நானோகூலம் சாதாரணமாக வரும்.

உங்கள் தராசின் அளவுகளைப் போட்டு இதே கணக்கைச் செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். பின்னால் ஒவ்வொரு சோதனையிலும் ‘இது பெரிதா சின்னதா’ என்ற கேள்வி வரும். பதிலுக்கு இந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவீர்கள்.

2. பொருள், தாள், நாள்: மூன்றையும் முன்கூட்டியே ஒதுக்குங்கள்

பொருள் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மல்டிமீட்டர், செம்பு டேப், மெல்லிய கம்பி வலை, கடத்தும் வெள்ளிப் பசை கொஞ்சம், 15 வோல்ட் வரை திருப்பக்கூடிய டிசி சப்ளை, சில பேட்டரிகள். இவை எல்லாம் எந்த ஆய்வகத்தின் அலமாரியிலும் கிடைக்கும், வாங்கினாலும் கையைக் கடிக்காது. விலை கூடியவை மிகச் சிறிய மின்னூட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டரும், கையில் பிடித்து நிலைமின்புலம் அளக்கும் மீட்டரும். இரண்டையும் வாங்காதீர்கள். இரண்டு நாள் இரவல் கேளுங்கள். அது போதும்.

தாள் விஷயம். கீழே உள்ளவை கையில் இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள்:

- வயரிங் படம். எந்தப் பெட்டி எந்த பிளக்கில், எந்த ஒயரின் கவசம் எங்கே எர்த்துக்குப் போகிறது என்று கையால் வரைந்ததே போதும். ஆனால் ஒயரைப் பின்தொடர்ந்து பார்த்து வரைய வேண்டும், நினைவிலிருந்து வரையக் கூடாது. நான் நினைவிலிருந்து வரைந்த படத்தில் இரண்டு எர்த் இணைப்புகள் விட்டுப்போயிருந்தன.
- டிசி சப்ளை, மல்டிமீட்டர் இரண்டின் அளவுத்திருத்தச் சான்று. தேதி கடந்திருந்தால் இப்போதே அனுப்பிவிடுங்கள், திரும்பி வரப் பல நாள் ஆகும்.
- தராசு வேறொருவர் பொறுப்பில் இருந்தால், அதைத் திறக்கவும் கண்ணாடியைக் கழற்றவும் எழுத்தில் அனுமதி.
- பக்க எண் போட்ட நோட்டுப் புத்தகம். கம்ப்யூட்டர் கோப்பு மட்டும் போதாது. ‘இன்று கண்ணாடி துடைத்தேன்’ என்பதை எந்த மென்பொருளும் தானாகப் பதியாது.

இனி நாள். இந்த வேலையில் உண்மையான செலவு நேரம்தான். என் தராசின் அலைவு நேரம் 9 நிமிடம். ஒரு நிலையை நம்பிப் படிக்கக் குறைந்தது மூன்று அலைவு, அதாவது அரை மணி நேரம் வேண்டும். கையை உள்ளே விட்டிருந்தால் அடங்குவதற்கே சில மணி நேரம் போய்விடும். கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் சேர்த்து இரண்டு வாரம் ஒதுக்குங்கள். ஒரு நாளில் முடிப்பேன் என்று யாராவது சொன்னால், அவர் மின் சோதனை எதையும் செய்யப் போவதில்லை என்று அர்த்தம்.

3. ஊசலிலிருந்து எர்த் வரை தொடர்ச்சி இருக்கிறதா?

ஊசலைத் தொங்கவிடும் முன்பே இதைப் பாருங்கள். தொங்கவிட்ட பிறகு மல்டிமீட்டர் முனையோடு கிட்டே போனால் இழை அறுந்துவிடும்.

டங்ஸ்டன் இழை என்றால் கவலை குறைவு. 20 மைக்ரான் விட்டமும் 30 செ.மீ. நீளமும் உள்ள இழையின் மின்தடை ஏறக்குறைய 50 ஓம் வரும். ஊசலில் சேரும் மின்னூட்டம் வடிந்துபோக அது தாராளம். சிலிக்கா இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகப் பூச்சு இல்லாமல் அதைத் தொங்கவிட்டால் ஊசல் எதனுடனும் தொடர்பில்லாமல் மின்னூட்டத்தைச் சுமந்துகொண்டே நிற்கும்.

நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் பசை. சின்ன உருண்டைகளைத் தண்டோடு ஒட்ட எபாக்சி போட்டிருப்பார்கள். எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. இழை, தண்டு, சட்டம் எல்லாம் எர்த்தில் இருக்க, உருண்டைகள் மட்டும் தனியே மிதந்துகொண்டிருக்கும். மீட்டரின் ஒரு முனையைச் சட்டத்தில் வைத்து, மறுமுனையால் உருண்டையையே தொட்டுப் பாருங்கள். தண்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தொடர்ச்சி இல்லையென்றால் ஒட்டிய இடத்தின் மேல் வெள்ளிப் பசை ஒரு பொட்டு வைத்தால் சரி. பெயின்ட், அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு பூச்சு இரண்டும் இதே வேலையைத்தான் செய்யும். எர்த் ஒயரைத் திருகும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட்டுத் திருகுங்கள்.

வெளியே இருக்கும் பெரிய உருண்டைகளை மறக்க வேண்டாம். பெரும்பாலும் பிளாஸ்டிக் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். கையால் தூக்கி வைத்தால் மின்னூட்டத்தோடுதான் உட்காரும். ஆளுக்கொரு மெல்லிய ஒயர் கட்டுங்கள். ஆனால் அந்த ஒயரை நேராக எர்த்தில் திருகாமல், கழற்றி மாட்டும்படி விட்டுவையுங்கள். படி 6-ல் தேவைப்படும்.

மிதக்கும் உலோகத்தைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. நிலைமின் விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 50 ஹெர்ட்ஸ் ஏசி அலை மிதக்கும் உருண்டையில் ஏறினால், ‘ஏசிதானே, சராசரி பூஜ்யம்’ என்று விட்டுவிட முடியாது. கூட்டல் பாதியும் இழுக்கும், கழித்தல் பாதியும் இழுக்கும். சராசரியாக ஒரு நிலையான இழுப்பு மிஞ்சும்.

4. கூண்டும் கண்ணாடியும்

ஊசலைச் சுற்றி முழுக்க உலோகக் கூண்டு இருந்து, அது எர்த்தில் இருந்தால், வெளியே பெரிய உருண்டைகள் நகர்வதால் உள்ளே மின்புலம் மாறாது. ஈர்ப்பு மட்டும் கூண்டைத் தாண்டி உள்ளே வரும். ஈர்ப்பை எதனாலும் மறைக்க முடியாது என்பது இங்கே நமக்குச் சாதகம். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஈட்-வாஷ் குழு, மிகக் குறுகிய தூரத்தில் ஈர்ப்பை அளக்கும்போது, ஊசலுக்கும் இழுக்கும் தகட்டுக்கும் நடுவே பத்து மைக்ரான் தடிமனுள்ள பெரிலியம்-செம்புத் தகட்டை முரசுத் தோல்போல இழுத்துக் கட்டுகிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். செம்பு டேப்பும் வலையும் போதும்.

மேசைத் தராசில் ஓட்டை எங்கே என்றால், கண்ணாடி ஜன்னல். லேசர் உள்ளே போய் வர வேண்டுமே! அந்தக் கண்ணாடியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நடந்தது இதுதான். காலையில் வந்ததும் உலர்ந்த துணியால் கண்ணாடியைப் பளபளவென்று துடைப்பேன். கண்ணாடியில் மின்னூட்டம் ஏறும். அது மெதுவாக, மணிக்கணக்கில் வடியும். வடிய வடிய ஊசலின் ஓய்வுநிலை ஒரே பக்கமாக நகரும். நானோ எப்போதும் உருண்டைகளை முதலில் இடப்பக்கம் வைத்துப் படித்துவிட்டு, அப்புறம் வலப்பக்கம் வைப்பேன். இடையில் ஏற்பட்ட நகர்வு முழுக்க ஈர்ப்பின் கணக்கில் போய் ஏறிக்கொண்டது. தினமும் அதே நேரத்தில் அதே துணி, அதே வரிசை. ஆகவே தினமும் அதே 7.2.

காய்ச்சல் வந்து ஒரு நாள் மதியம்தான் போனேன். வேறொருவர் காலையிலேயே கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தார். அன்று 6.8 வந்தது. அப்போதுதான் பொறி தட்டியது.

செய்ய வேண்டியது மூன்று. கண்ணாடியின் உட்பக்கம் மெல்லிய கம்பி வலையை வைத்து எர்த்தில் இணையுங்கள், லேசர் போக மட்டும் சின்னத் துளை விடுங்கள். கடத்தும் பூச்சு பூசிய கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. துடைக்க வேண்டியிருந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் அளவெடுங்கள். மூன்றாவது, இட-வல வரிசையை மாற்றுங்கள்: இடம், வலம், வலம், இடம். இப்படிச் செய்தால் ஒரே சீராக ஓடும் நகர்வு கூட்டிக் கழிந்து போய்விடும்.

காற்று வறண்ட நாள்களில் மின்னூட்டம் தங்கும் நேரம் கூடும். ஈரப்பதத்தை நோட்டில் தினமும் குறித்துவையுங்கள்.

5. ஊசலைக் கட்டிப்போட்டுவிட்டு மீட்டரைச் சோதியுங்கள்

இப்போது இரண்டாவது வகைத் தொல்லை. ஊசலின் கண்ணாடியை அசையாமல் பிடித்துக் கட்டுங்கள், அல்லது அதே இடத்தில் சட்டத்தோடு ஒட்டிய வேறொரு கண்ணாடியை வையுங்கள். லேசர், ஒளி உணரி, ஆம்ப்ளிஃபயர், கம்ப்யூட்டர் எல்லாம் வழக்கம்போல ஓடட்டும். பெரிய உருண்டைகளையும் வழக்கமான வரிசையில் இடம் வலம் நகர்த்துங்கள். ஒரு முழு இரவு பதிவு செய்யுங்கள். ஊசலால் அசைய முடியாது. ஆகவே உருண்டையின் நிலையோடு சேர்ந்து பதிவில் ஏதாவது ஏறி இறங்கினால் அது நூற்றுக்கு நூறு பொய்.

நகர்த்துவது மோட்டார் என்றால் இங்கே கவனம் இரட்டிப்பாக வேண்டும். மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்னோட்டம் பொதுவான எர்த் ஒயர் வழியே திரும்பினால், அந்த ஒயரில் விழும் சின்ன வோல்டேஜ் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும். அதைவிடத் தந்திரமானது எல்லை சுவிட்ச். பெரிய உருண்டை இடப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன விளக்கு எரியும், வலப்பக்கம் போனால் அணையும். அதாவது ஈர்ப்பு மாறும் அதே தாளத்தில் ஒரு மின்னோட்டமும் மாறுகிறது. எத்தனை நாள் சராசரி எடுத்தாலும் இது கரையாது. விளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுங்கள், நிலைக்கு வந்ததும் அந்தச் சப்ளையையே துண்டித்துவிடுங்கள்.

எர்த் ஒயர்கள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரட்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு வழியாக எர்த் போனால் வளையம் உருவாகும், பக்கத்து ஒயர்களின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். சிக்னல் ஒயர்களை முறுக்கிய ஜோடியாகப் போடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால், லேசரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரு இரவு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பதிவு மாறினால் மெயின்ஸ்தான் (சுவர் பிளக்கில் வரும் ஏசி மின்சாரம்) உள்ளே வருகிறது.

மாதிரி எடுக்கும் வேகத்தில், அதாவது கம்ப்யூட்டர் வினாடிக்கு எத்தனை முறை படிக்கிறது என்பதில், ஒரு பொறி இருக்கிறது. வினாடிக்கு 10 முறை என்பது கேட்க வட்டமான எண். மெயின்ஸ் அலை அப்போதைக்கு 50.002 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வையுங்கள். 10-இன் மடங்கிலிருந்து 0.002 மட்டும் விலகியிருப்பதால், அது உங்கள் பதிவில் 500 வினாடிக்கு ஒரு சுற்று வரும் மெதுவான அலையாக முகம் மாற்றிக்கொண்டு வரும். எட்டு நிமிடம் இருபது வினாடி! என் ஊசலின் அலைவு நேரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் என்று பாருங்கள். மெயின்ஸ் 60 ஹெர்ட்ஸ் ஆனாலும் கதை இதேதான். வழி இருக்கிறது. ஒவ்வொரு மாதிரியையும் ஒரு கணத்தில் பிடிக்காமல், 100 மில்லிவினாடி முழுக்கச் சேர்த்துச் சராசரியாக்கும்படி அமையுங்கள். அதற்குள் 50 ஹெர்ட்ஸ் ஐந்து முழுச் சுற்றும், 60 ஹெர்ட்ஸ் ஆறு முழுச் சுற்றும் அடங்கிவிடும், இரண்டும் அடிபட்டுப் போகும். கூடவே, டிஜிட்டலாக மாற்றும் முன் ஒரு வடிகட்டியும் போடுங்கள். மாற்றிய பிறகு கம்ப்யூட்டரில் வடிகட்டி ஒரு பயனும் இல்லை. வேஷம் போட்ட பிறகு யார் என்று கண்டுபிடிக்க முடியாது.

6. வேண்டுமென்றே வோல்டேஜ் கொடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

‘எல்லாம் எர்த்தில் இருக்கிறது, தொல்லை எதுவும் தெரியவில்லை’ என்று எழுதினால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்ளவும் கூடாது. தெரியாததற்குக் காரணம் தொல்லை இல்லாததா, உங்கள் கண்ணுக்கு எட்டாததா? அதனால் சந்தேகப்படும் பொருளை நீங்களே தெரிந்த அளவுக்குப் பெரிதாக்கி, ஊசல் எவ்வளவு அசைகிறது என்று பார்த்து, அப்புறம் உண்மையில் இருக்கும் அளவுக்குக் குறைத்துக் கணக்கிட வேண்டும்.

பெரிய உருண்டைகளின் ஒயரை எர்த்திலிருந்து கழற்றி டிசி சப்ளையில் மாட்டுங்கள். ஊசல் எர்த்திலேயே இருக்கட்டும். −15, −10, −5, 0, +5, +10, +15 என்று ஏழு வோல்டேஜ் போதும். ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம், உருண்டைகளின் இரண்டு நிலைகளிலும். மொத்தம் ஏழு மணி நேரம், ஒரு இரவு வேலை. வரிசையாக ஏற்றிக்கொண்டே போகாமல் கலைத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் வெப்பநிலை நகர்வும் இதில் கலந்துவிடும். சப்ளை 15 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். கிலோவோல்ட் கொடுத்தால் நன்றாகத் தெரியுமே என்று ஆசை வரும். அதற்குத் தனிப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், தேவையும் இல்லை.

புள்ளிகளை வரைந்தால் பரவளையம் வரும். அதன் அடிப்புள்ளி பூஜ்ய வோல்ட்டில் இருக்காது. இரண்டு வேறு உலோகங்களை ஒயரால் இணைத்தாலும், அவற்றின் மேற்பரப்புகளுக்கு இடையே பத்து மில்லிவோல்ட் முதல் சில நூறு மில்லிவோல்ட் வரை வேறுபாடு தங்கியே இருக்கும். தொடுகை மின்னழுத்தம் என்பது இதுதான். மல்டிமீட்டரில் இது தெரியாது. மீட்டரின்படி இரண்டும் பூஜ்யம், ஊசலின்படி இல்லை.

ஒரு கணக்கு. லேசர் புள்ளி அளவுகோலில் 0 வோல்ட்டுக்கு 100.0 மி.மீ., +10-க்கு 107.4, −10-க்கு 108.6 என்று வைத்துக்கொள்வோம். +10, −10 இரண்டின் கூட்டுத்தொகை 216. அதில் 0 வோல்ட் மதிப்பின் இரு மடங்கான 200-ஐக் கழித்தால் 16. அதை 200-ஆல் (பத்தின் வர்க்கத்தின் இரு மடங்கு) வகுத்தால் 0.08. அதாவது வோல்ட்டின் வர்க்கம் ஒன்றுக்கு 0.08 மி.மீ. என்பது உங்கள் தராசின் மின் உணர்திறன். இனி −10 மதிப்பிலிருந்து +10 மதிப்பைக் கழித்தால் 1.2. அதை 40 × 0.08, அதாவது 3.2-ஆல் வகுத்தால் 0.375. தொடுகை மின்னழுத்தம் 0.375 வோல்ட். ஆக, எல்லாவற்றையும் எர்த்தில் போட்ட பிறகும் மிஞ்சும் நகர்வு 0.375-இன் வர்க்கம் × 0.08, சுமார் 0.011 மி.மீ.

ஈர்ப்பு நகர்வு 40 மி.மீ. என்றால் இது பத்தாயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. நீங்கள் தேடுவது ஒரு சதவீதத் துல்லியம் என்றால் தாராளமாக விட்டுவிடலாம். பத்தாயிரத்தில் ஒரு பங்கு தேடுகிறவர் கூண்டை மேம்படுத்தியாக வேண்டும். ‘இல்லை’ என்று சொல்வதைவிட ‘இவ்வளவுக்கு மேல் இல்லை’ என்று எண்ணோடு சொல்வது எவ்வளவு வசதி பாருங்கள்.

கண்ணாடியில் வலை போட்ட பிறகு இதே சோதனையைத் திரும்பச் செய்தேன். +15, −15 இரண்டிலும் புள்ளி அசையவே இல்லை. வலையால் பயன் உண்டா என்ற விவாதத்துக்கே இடமில்லாமல் போனது.

தொடுகை மின்னழுத்தத்துக்கு இணையான எதிர் வோல்டேஜைக் கொடுத்து ரத்து செய்யலாமா என்று கேட்பீர்கள். ஓரளவுக்குச் செய்யலாம். ஆனால் ஒரே உலோகத்தின் மேற்பரப்பிலேயே இடத்துக்கு இடம் மின்னழுத்தம் திட்டுத் திட்டாக மாறும். ஒரே எண்ணால் எல்லாத் திட்டுகளையும் அழிக்க முடியாது. தங்கம் பூசினால் குறையும், முற்றிலும் போகாது.

ஊசலைத் திரும்ப நிறுத்த நிலைமின் விசையையே பயன்படுத்தும் தராசுகளும் உண்டு. அங்கே மின்சாரம்தான் அளவுகோல், அதனால் அதன் அளவுத்திருத்தம் தவறினால் விடையே தவறும். ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனமான பிடிபி 1995-ல் வெளியிட்ட மதிப்பு இன்றைய மதிப்பைவிட 0.6 சதவீதம் அதிகம். கோளாறு ஈர்ப்பிலோ எடையிலோ இல்லை, அந்த நிலைமின் அமைப்பின் அளவுத்திருத்தத்தில் என்று பின்னால் அவர்களே ஆராய்ந்து சொன்னார்கள். முதல் தராசுக்கு அந்த வகையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

7. இலேசான போலி உருண்டை

ஒன்றரை கிலோ ஈய உருண்டையின் அளவிலேயே உள்ளீடற்ற உலோக உருண்டை செய்து, ஈய உருண்டைக்குப் பூசிய அதே கடத்தும் பூச்சைப் பூசுங்கள். மின்சாரத்துக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான், மேற்பரப்பு மட்டும்தான் அதன் கண்ணுக்குத் தெரியும். ஈர்ப்புக்கோ எடைதான் கணக்கு. போலி உருண்டையை வைத்து வழக்கமான அளவீட்டை முழுதாக ஓட்டுங்கள். எடை விகிதத்தில் குறைய வேண்டிய நகர்வு அப்படிக் குறையாமல் மிச்சம் காட்டினால், அந்த மிச்சம் ஈர்ப்பு அல்ல.

மிச்சம் வந்தாலே மின்சாரம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நகரும் வண்டியின் எடையால் மேசை சாய்வதும், மோட்டாரின் சூடும், கையின் சூடும் இதே மாதிரி மிச்சம் காட்டும். படி 6-ல் வந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது எது என்று பிரிந்துவிடும்.

உருண்டையைக் கடையச் சொன்னால் பட்டறையில் ஒரு வாரம் ஆகும். அதனால் முதல் நாளே சொல்லிவையுங்கள்.

8. காந்தம், வெற்றிடம்: சுருக்கமாக

ஊசல் பக்கத்தில் இரும்பு திருகாணி, எஃகு வாஷர் எதுவும் இருக்கக் கூடாது. பித்தளை என்று விற்கும் திருகாணியையும் ஒரு காந்தத்தின் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். காந்தச் சோதனையும் படி 6 மாதிரிதான். பக்கத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்து, தெரிந்த அளவு மின்னோட்டத்தை இரு திசையிலும் செலுத்தி நகர்வைப் பாருங்கள்.

வெற்றிடக் கலத்தில் வைப்பவர்கள், சூடான இழையுள்ள அயனி அழுத்தமானியை அளவீட்டின்போது அணைத்துவிடுங்கள். அது உமிழும் எலக்ட்ரான் ஊசலில் போய் உட்காரும். அயனி பம்ப்பில் காந்தமும் உண்டு, அதைத் தள்ளியே வையுங்கள்.

9. எழுதும்போது

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி: எதைப் பெரிதாக்கினீர்கள், எவ்வளவு, ஊசல் எவ்வளவு அசைந்தது, உண்மையில் இருக்கும் அளவு என்ன, அதனால் விடையில் வரக்கூடிய பிழை என்ன. ‘புறக்கணிக்கத்தக்கது’ என்ற சொல் ஒரு இடத்திலும் எண் இல்லாமல் வரக் கூடாது. சரிபார்ப்பவர் முதலில் தேடுவது அந்தச் சொல்லைத்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எர்த் ஒயரையும் மாற்றி, வலையையும் போட்டு, அன்றே துடைக்கும் துணியையும் மாற்றினால் விடை சரியாகிவிடும், எதனால் என்று கடைசிவரை தெரியாது. எனக்கு 7.2 எப்படி 6.7-க்கு இறங்கியது என்று பிரித்துச் சொல்ல மேலும் ஒரு வாரம் பிடித்தது இதனால்தான்.

ஒரு தடவை செய்தால் முடிந்தது என்றும் இல்லை. கூண்டைத் திறந்தாலோ, இழையை மாற்றினாலோ, உருண்டைகளைக் கையால் தொட்டாலோ படி 3-ஐயும் படி 6-ஐயும் மறுபடி செய்ய வேண்டும். இரண்டாம் முறை படி 6-க்கு ஏழு வோல்டேஜ் தேவையில்லை. +15, 0, −15 மூன்று போதும், இரண்டு நிலைகளுக்கும் சேர்த்து மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.